உலோகம் பதித்த கிராஃபீனில் வாயு உணரி (கேஸ் சென்சார்) ஆய்வு: இராமநாதபுரம் கரையில் இருந்துகொண்டே கணினியில் தொடங்குவது எப்படி

எம்.எஸ்சி. வேதியியலோ இயற்பியலோ படித்துக்கொண்டு, கணினியில் ஏதாவது ப்ராஜெக்ட் செய்யலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகம் வேண்டாம், ரசாயனம் வாங்க வேண்டாம், ஒரு கணினி போதும் என்று சொல்லித்தான் இந்தத் தலைப்பை நம் தலையில் கட்டுவார்கள். அது பாதி உண்மை. கையெழுத்துக்கு அலைவது, ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது, வந்த எண்ணை வைத்து என்ன சொல்வது என்று தெரியாமல் முழிப்பது எல்லாம் மறுபாதி. இந்தக் கட்டுரை அந்த மறுபாதிக்கு.

வேலை இதுதான். கார்பன் அணுக்கள் அறுகோணமாகப் பின்னிய, ஓர் அணுவே தடிமனான தாள் கிராஃபீன். அதில் ஒரு கார்பனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிக்கலோ செம்போ வைக்கிறோம். அதன்மேல் ஒரு வாயு மூலக்கூறு வந்தால் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும், எலக்ட்ரான் எந்தப் பக்கம் நகரும், தாளின் மின்கடத்தல் மாறுமா என்று, எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணிக்கும் டிஎஃப்டி முறையில் பார்க்கிறோம். தாளைச் சுருட்டினால் நானோகுழாய். முறை மாறாது.

1. எந்த வாயு என்பதை ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே வந்த ஒரு கட்டுரையை எடுத்து, அதில் உலோகத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். வைவாவில் 'ஏன் இந்த வாயு?' என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நம் கரையில் காரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. இராமேஸ்வரம், மண்டபம், தொண்டி என்று மீன் இறங்கும் இடத்திலெல்லாம் ஐஸ் பிளான்ட் உண்டு. அங்கே குளிரூட்ட ஓடுவது அம்மோனியா. கரையில் ஒதுங்கி அழுகும் பாசியிலிருந்து வருவது ஹைட்ரஜன் சல்பைடு. உள்ளே முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரி எடுக்கும்போது கார்பன் மோனாக்சைடு. விசைப்படகு டீசலில் நைட்ரஜன் ஆக்சைடுகள்.

ஒன்றே ஒன்றை எடுங்கள். ஐந்து வாயு எடுத்தால் வேலை ஐந்து மடங்காகும், ஆழம் ஐந்தில் ஒன்றாகும். நான் அம்மோனியாவை வைத்தே மற்றதைச் சொல்கிறேன்.

அடுத்து, எவ்வளவு அம்மோனியாவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். வேலையிடத்துக்கு, தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு). 300 பிபிஎம் வந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து என்கிறது. ஊர்க் காற்றுக்கு, 2009இல் வந்த இந்தியத் தேசியக் காற்றுத்தர அளவுகோலின்படி 24 மணி நேர சராசரி கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். அது ஏறத்தாழ 0.57 பிபிஎம்தான். ஐஸ் பிளான்டில் கசிவு எச்சரிக்கை ஒரு வேலை, தெருவில் காற்றுத்தரம் பார்ப்பது இன்னொரு வேலை. 25, 0.57 என்ற இரண்டு எண்ணும் ஏழாவது படியில் தேவைப்படும்.

2. தாள்களும் கையெழுத்தும்

கணக்கைத் தொடங்குமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். தேவைப்படும் தாள்கள்: கல்லூரியில் இருந்து போனஃபைட் சான்றிதழ், அடையாள அட்டை நகல், வழிகாட்டியின் ஒப்புதல் கடிதம், துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு பக்கத் திட்டச் சுருக்கம். சுருக்கத்தைத் தமிழில் யோசித்தாலும் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள், எல்லாப் படிவமும் அதைத்தான் கேட்கும். போனஃபைடில் நாலைந்து அசல் பிரதி ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் போய் நிற்பதுதான் இந்த வேலையிலேயே அதிக நேரம் தின்பது.

உங்கள் கல்லூரியில் டிஎஃப்டி தெரிந்த ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் உள்ளூர் வழிகாட்டி ஒருவர், வெளியே இணை வழிகாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் துறையில் கேளுங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியும் இருக்கின்றன, மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம். எல்லாம் பஸ்ஸில் போய் வரும் தூரம். மின்னஞ்சல் அனுப்பும்போது 'ஐயா, எனக்கு ப்ராஜெக்ட் வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வாயு, எந்த உலோகம், என்ன மென்பொருள், என்ன உதவி வேண்டும் என்று பத்து வரியில் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

செலவுக்குச் சிறு தொகை வேண்டுமென்றால் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவி இருக்கிறது. கல்லூரி முதல்வர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அறிவிப்பு வந்தபின் கையெழுத்து வாங்கக் கிளம்பினால் தேதி தாண்டிவிடும்.

ஓர் எச்சரிக்கை. மதுரை போன்ற ஊர்களில் ப்ராஜெக்ட் செய்து தருகிறோம் என்று பணம் கேட்கும் சென்டர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஓரிடத்தில் வண்ண வண்ணப் படங்கள் நிறைந்த அறிக்கை கிடைத்தது, உள்ளீட்டுக் கோப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கோப்பு இல்லாத கணக்கு கணக்கே இல்லை.

3. மென்பொருள்: எது இலவசம், எதில் வில்லங்கம்

டிஎஃப்டி கணக்குக்கு குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ, சியெஸ்டா இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள், காசில்லை. ஓர்கா கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், பதிவு செய்ய வேண்டும். மாணவர்களுக்குக் கல்லூரி மின்னஞ்சல் இல்லையென்றால் வழிகாட்டியின் பெயரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். காஸியன் காசு கொடுத்து வாங்குவது. வாஸ்ப் உரிமம் ஆய்வுக் குழுவுக்குத் தருவது, தனி மாணவருக்கு அல்ல.

பென் டிரைவில் கை மாறி வரும் காஸியனைத் தொடாதீர்கள். கட்டுரையில் பயன்படுத்திய மென்பொருளைப் பதிப்பு எண்ணோடு குறிப்பிட்டாக வேண்டும், அப்போது உரிமம் யார் பெயரில் என்ற கேள்வி எழும். இலவசமாக நல்லது கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு?

எதைத் தேர்ந்தெடுப்பது? முடிவில்லாமல் நீளும் தாளாகக் கணக்கிட எஸ்ப்ரெஸ்ஸோ. ஓரத்தை ஹைட்ரஜனால் மூடிய சிறு துண்டாக, உதாரணமாக 54 கார்பனும் 18 ஹைட்ரஜனும் உள்ள சர்கம்கோரோனீனாக எடுத்துக் கணக்கிட ஓர்கா. துண்டு மாதிரி எளிது, லேப்டாப்பிலேயே ஓடும். ஆனால் எலக்ட்ரான் நிரம்பிய மட்டத்துக்கும் காலி மட்டத்துக்கும் நடுவே உள்ள அதன் ஆற்றல் இடைவெளி துண்டின் அளவைப் பொறுத்து மாறும். உண்மைத் தாளில் இல்லாத இடைவெளி அது. மின்கடத்தலைப் பற்றிப் பேச நினைத்தால் தாள் மாதிரிக்கே போய்விடுங்கள். படம் பார்க்க வெஸ்டா, அவகாட்ரோ இரண்டும் இலவசம்.

லினக்ஸ் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். பத்துப் பதினைந்து கட்டளை தெரிந்தால் காலம் ஓடிவிடும்.

4. கணினி, கரண்ட், செலவு

குறைந்தது 16 ஜிபி ராம், எட்டு கோர் வேண்டும். ஐம்பது அணுத் தாளுக்கு இது போதும். பழைய லேப்டாப் இருந்தால் சோதனைக் கணக்குகளை அதில் ஓட்டிவிட்டு, பெரிய கணக்குக்கு மட்டும் துறைக் கணினியைக் கேளுங்கள். அணுக்களின் எண்ணிக்கை இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதை நினைவில் வைத்துத் தாளின் அளவை முடிவு செய்யுங்கள். 32 அணுத் தாளில் ஓர் உலோகத்தை வைத்து அமைப்பைத் தளர்த்த (அதாவது அணுக்களை நகர்த்தி மிகத் தாழ்ந்த ஆற்றல் உள்ள நிலைக்குக் கொண்டுவர) எட்டு கோரில் ஓர் இரவு ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். எலக்ட்ரானின் காந்தப் பண்பான ஸ்பின்னையும் சேர்த்தால் நேரம் இன்னும் கூடும்.

200 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 4.8 யூனிட், இரண்டு மாத பில்லில் 288 யூனிட். இலவச யூனிட்டெல்லாம் எங்கோ போய்விடும். வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாமல் நீண்ட கணக்கைத் தொடங்காதீர்கள். எஸ்ப்ரெஸ்ஸோவில் அதிகபட்ச விநாடிகளைக் குறிக்கும் ஒரு விருப்பம் உண்டு. அதைக் கொடுத்தால் அந்த நேரம் வந்ததும் கணக்கு எல்லாவற்றையும் சேமித்துவிட்டு ஒழுங்காக நிற்கும், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யுபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கும் என்பதால் இந்த விருப்பமும் கட்டாயம் வேண்டும். பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்கள் கணினியைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்க வேண்டாம். உப்புக் காற்று யுஎஸ்பி துளையையும் விசிறியையும் ஒரே வருடத்தில் தின்றுவிடும்.

பெரிய கணக்குக்கு, திருச்சி என்ஐடியில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் அமைத்த 'பரம் பொருள்' என்ற சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது. 838 டெராஃபிளாப் திறன். இதுபோன்ற இடத்தில் கணக்குத் திறக்க விண்ணப்பம் உங்கள் பெயரில் அல்ல, ஆசிரியர் பெயரில் போவதுதான் வழக்கம். எத்தனை கோர்-மணி தேவை என்று கேட்பார்கள். அதற்கு உங்கள் சோதனைக் கணக்கின் நேரத்தைக் காட்டுங்கள், குத்துமதிப்பாக எழுதாதீர்கள். வெளியாருக்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

5. சோதனைக் கணக்கு

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுகிறார்கள். ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

வெறும் கிராஃபீனை முதலில் தளர்த்துங்கள். அணிக்கோவை மாறிலி (லாட்டிஸ் கான்ஸ்டன்ட்) 2.46 ஆங்ஸ்ட்ராம், கார்பன்-கார்பன் தூரம் 1.42 ஆங்ஸ்ட்ராம் என்ற அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். அப்புறம் எத்தனை அலைகளைக் கணக்கில் சேர்ப்பது என்று வரையறுக்கும் வெட்டு ஆற்றலை (கட்-ஆஃப்) மெதுவாக ஏற்றி, மொத்த ஆற்றல் அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக வைக்கும் சூடோபொட்டென்ஷியல் அல்ட்ராசாஃப்ட் வகையென்றால், அடர்த்திக்கான வெட்டு ஆற்றலை அலைச்சார்பின் வெட்டு ஆற்றலைப்போல எட்டு மடங்குக்குக் குறையாமல் வையுங்கள், நான்கு மடங்கு போதாது. தாளுக்கு மேலே 15 முதல் 20 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விடுங்கள். உலோகம் தாளிலிருந்து ஒரு பக்கமாகப் புடைத்து நிற்கும் என்பதால் அதனால் வரும் மின்புலப் பிழையை நீக்கும் இருமுனைத் திருத்தத்தையும் (டைபோல் கரெக்ஷன்) போட்டுவிடுங்கள்.

தாளின் அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. 4×4 எடுத்தால் 32 கார்பன், 5×5 எடுத்தால் 50. 3×3, 6×6 என்று மூன்றின் மடங்கில் எடுத்தால் நிரம்பிய பட்டையும் காலிப் பட்டையும் தொட்டுக்கொள்ளும் இடங்களான கிராஃபீனின் டிராக் புள்ளிகள் இரண்டும் நடுப்புள்ளியில் (காமா புள்ளி) வந்து மடியும். அங்கே பதித்த அணு வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவதாலேயே ஓர் ஆற்றல் இடைவெளி திறக்கும். அது உங்கள் உலோகத்தின் சாதனை அல்ல, தாளின் அளவு செய்த வேலை. 4×4 அல்லது 5×5 எடுங்கள்.

டிஎஃப்டியில் வழக்கமாக எடுக்கும் பிபிஇ என்ற தோராயம் மட்டும் போதாது, மெல்லிய வான்டர் வால்ஸ் ஈர்ப்பைச் சேர்க்கும் டி3 திருத்தமும் சேருங்கள். இல்லையென்றால் மெலிதாக ஒட்டும் மூலக்கூறுகள் ஒட்டவே இல்லை என்று காட்டும்.

6. உலோகத்தை வைப்பது

ஓட்டையில்லாத தாளின்மேல் உலோக அணுவைச் சும்மா வைத்தால் அது அங்கேயே இருக்காது. பக்கத்து உலோக அணுவோடு சேர்ந்து கட்டியாகப் பார்க்கும். இதைச் சோதிக்க, உலோகம் தாளோடு பிணையும் ஆற்றலை அதே உலோகத்தின் திண்மப் பிணைப்பு ஆற்றலோடு (கட்டி உலோகத்தில் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஆற்றல்) ஒப்பிடுங்கள். நிக்கலுக்கு அணு ஒன்றுக்கு 4.44 எலக்ட்ரான் வோல்ட், செம்புக்கு 3.49, வெள்ளிக்கு 2.95. தாளோடு பிணைவது இதைவிடக் குறைவென்றால் நடைமுறையில் உங்கள் தாள் உருவாகாது. அதனால்தான் ஒரு கார்பனை எடுத்து, அந்தக் குழியில் உலோகத்தை உட்கார வைக்கிறோம். குழியிலுள்ள மூன்று கார்பன்களும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒப்பீட்டு அட்டவணை இல்லாத கட்டுரை என்றால் மதிப்பீட்டாளர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

இரும்பு, கோபால்ட், செம்பு எதுவானாலும் ஸ்பின்னைத் திறந்துவிட்டே ஓட்டுங்கள். தொடக்கக் காந்தத்தன்மையை இரண்டு மூன்று விதமாகக் கொடுத்து, எது தாழ்ந்த ஆற்றல் என்று பாருங்கள். ஆக்ஸிஜன் மூலக்கூறு ட்ரிப்லெட் (இணையாத எலக்ட்ரான் இரண்டு), நைட்ரஜன் டை ஆக்சைடில் ஒற்றை எலக்ட்ரான். இதை மறந்தால் ஒட்டும் ஆற்றல் முழுவதும் தப்பாக வரும்.

7. அம்மோனியாவுக்கு முன் தண்ணீரை வையுங்கள்

ஒரே ஒரு படியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இந்தத் துறையில் வரும் கட்டுரைகள் நிறைய, வெற்றிடத்தில் தாளும் ஒரே ஒரு வாயு மூலக்கூறும் மட்டும் இருப்பதாகக் கணக்குப் போட்டு, 'சிறந்த உணரி' என்று முடித்துவிடுகின்றன. மண்டபத்துக் காற்றில் அம்மோனியா மட்டுமா இருக்கிறது?

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 4.25 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 3.4 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 33,500 பிபிஎம். நாம் தேடும் அம்மோனியா 25 பிபிஎம். ஓர் அம்மோனியா மூலக்கூறுக்கு 1,300க்கும் மேற்பட்ட தண்ணீர் மூலக்கூறுகள் அதே உலோக அணுவுக்காக வரிசையில் நிற்கின்றன. அவற்றைச் சமாளித்துப் பாதி இடமாவது பிடிக்க, அம்மோனியா தண்ணீரைவிட ஏறத்தாழ 0.19 எலக்ட்ரான் வோல்ட் அதிகமாக ஒட்ட வேண்டும். 1,340இன் இயல் மடக்கையை 303 கெல்வினுக்கான வெப்ப ஆற்றல் (kT) 0.0261 எலக்ட்ரான் வோல்ட்டால் பெருக்கினால் வருவது அது. 0.57 பிபிஎம் இலக்கு என்றால் 0.29 வேண்டும். இரண்டு வாயுவின் என்ட்ரோபியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இந்த எளிய கணக்கு முதல் பார்வைக்குத் தாங்கும்.

ஆகவே வரிசை இப்படி: முதலில் தண்ணீர், அடுத்து ஆக்ஸிஜன், அப்புறம்தான் அம்மோனியா. ஆக்ஸிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு. இரும்பு மாதிரி உலோகத்தை அது முதலிலேயே பிடித்துக்கொண்டால், நீங்கள் ஆராய வேண்டியது இரும்பு பதித்த தாளை அல்ல, ஆக்ஸிஜன் உட்கார்ந்த தாளை. தண்ணீரிலேயே உலோகம் தோற்றால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், வேறு உலோகத்துக்குப் போகலாம். கடைசியில் வைத்தால் மூன்று மாதம் போயிருக்கும்.

ஒட்டும் ஆற்றல் என்பது மூலக்கூறு ஒட்டிய தாளின் ஆற்றலிலிருந்து தாளின் ஆற்றலையும் தனி மூலக்கூறின் ஆற்றலையும் கழித்தது. ஒட்டினால் அது மைனஸில் வரும், இந்தக் கட்டுரையில் சொல்லும் எண்கள் மைனஸை விட்ட அளவு. மூன்றையும் ஒரே வெட்டு ஆற்றலில், ஒரே பெட்டி அளவில் ஓட்டுங்கள். மூலக்கூறை ஒரே நிலையில் வைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். நைட்ரஜன் கீழே, ஹைட்ரஜன் கீழே, பக்கவாட்டில் என்று பல தொடக்கங்கள் வேண்டும். ஓர்கா, சியெஸ்டா பயன்படுத்துபவர்கள் அடிப்படைச் சார்பு மேற்பொருந்தல் பிழையை (ஒட்டும் ஆற்றலைப் பொய்யாகக் கூட்டிக் காட்டுவது, பிஎஸ்எஸ்இ) கவுன்ட்டர்பாய்ஸ் முறையில் திருத்த வேண்டும். எஸ்ப்ரெஸ்ஸோவில் அந்தப் பிழை கிடையாது.

8. பெரிய எண் நல்ல எண் அல்ல

ஒட்டும் ஆற்றல் கூடக் கூட நல்ல உணரி என்று நினைப்பது சகஜம். உணரி என்றால் வாயு போனதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மீளும் நேரத்துக்கான வழக்கமான சூத்திரத்தில், ஒட்டிய மூலக்கூறின் அதிர்வெண்ணை விநாடிக்கு பத்தின் அடுக்கு 12 என்று வைத்து 300 கெல்வினில் போட்டால்: 0.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. 0.8க்கு அரை நிமிடம். 1.0க்கு 17 மணி நேரத்துக்கும் மேல். 1.5க்கு ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகள். 1.5 வந்தால் உங்கள் கையில் இருப்பது உணரி அல்ல, ஒருமுறை உறிஞ்சிவிட்டுத் தூக்கிப்போடும் வடிகட்டி. அப்படியே எழுதுங்கள், அதுவும் பயனுள்ளதுதான். 1.0 வந்தால் 400 கெல்வினுக்குச் சூடாக்கினால் நான்கு விநாடியில் விட்டுவிடும் என்று காட்டலாம்.

இடைவெளி மாற்றத்தை வைத்து மின்கடத்தல் இத்தனை மடங்கு மாறியது என்று எழுதும்போதும் கவனம். அடுக்குச் சார்பு என்பதால் இடைவெளியில் 0.1 எலக்ட்ரான் வோல்ட் மாற்றமே 300 கெல்வினில் ஏழு மடங்கு ஆகிவிடும். பிபிஇ இடைவெளியைக் குறைத்துக் காட்டுவது தெரிந்த விஷயம், அதை நம்பி ஏழு மடங்கு என்று தலைப்பிடக் கூடாது. எலக்ட்ரான் எவ்வளவு நகர்ந்தது என்ற மின்னூட்டப் பரிமாற்றத்தை அணுக்களுக்குப் பங்கிட இரண்டு முறைகள் உண்டு: முல்லிக்கன் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள், பேடர் கணக்கும் சேருங்கள்.

9. எழுதுவது, அனுப்புவது

கட்டுரைகள் படிக்க: 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுக் கல்லூரிகளுக்குப் பல பதிப்பகங்களின் இதழ்கள் திறந்திருக்கின்றன. சேதுபதி அரசுக் கலைக் கல்லூரி போன்ற இடத்தில் படிப்பவர்கள் நூலகத்தில் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் ஆர்க்கைவ், கெம்ஆர்க்கைவ் முன்பதிப்புகள் இலவசம்.

'ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், சில ஆயிரம் கட்டுங்கள்' என்று வரும் மின்னஞ்சலுக்குப் பதிலே அனுப்பாதீர்கள். சந்தா முறையில் நடக்கும் நல்ல இதழ்களில் பெரும்பாலும் கட்டுரை எழுதியவருக்குக் கட்டணம் கிடையாது. ஏற்கத்தக்க இதழ்களைக் குறித்த யுஜிசியின் கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. 'கேரில் இருக்கிறோம்' என்று இன்னும் விளம்பரம் செய்யும் இதழை அதனாலேயே சந்தேகிக்கலாம். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்குள் வர வேண்டும். முறையியல் பகுதியைப் பிறர் கட்டுரையிலிருந்து ஒட்டினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

காலக்கணக்கு: மூன்றாம் செமஸ்டர் தொடங்கும் ஆனி, ஆடியில் தாள்களும் மென்பொருளும். ஆவணியில் சோதனைக் கணக்கு, புரட்டாசிக்குள் தண்ணீரும் ஆக்ஸிஜனும். பெரிய கணக்குகளை மழைக்கு முன் முடிந்தவரை முடித்துவிட்டு, கரண்ட் போய்ப் போய் வரும் மாதங்களை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்தபின் மீதிக் கணக்கு, மாசியில் முதல் வரைவு. இதழின் பதில் வர மூன்று மாதம் ஆவது சாதாரணம் என்பதால், ப்ராஜெக்ட் அறிக்கையில் கட்டுரை வெளியானது என்று காட்டக் காத்திருக்க வேண்டாம். அனுப்பிய சான்று போதும்.

கோப்புகளை நாள்வாரியாகப் பெயரிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று பென் டிரைவில், ஒன்று இணையச் சேமிப்பில். உள்ளீடு, வெளியீடு, சூடோபொட்டென்ஷியல் கோப்பு, மென்பொருளின் பதிப்பு எண் நான்கும் சேர்ந்த ஒரு பிரதியை வைவாவுக்கு முன்பே வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் மறுபடி ஓட்டச் சொன்னால் நீங்கள் அப்போது வேறு ஊரில் வேலையில் இருப்பீர்கள்.